காயலான் கடைத் தகடும் கொஞ்சம் பொன் நிறமும்



ஓசூரில் 1980-ல் அசோக் லேலண்ட், அப்புறம் டைட்டன் என்று ஆலைகள் வந்தன. கூடவே சின்னச் சின்ன பிரஸ் பட்டறைகளும் பெருகின. வேலைக்குச் சேர்ந்த புதுசில் என் வாடகை வீட்டுச் சுவர் வெறிச்சென்று இருக்கும். அம்மா முதல்முறை வருகிறார் என்றதும் காயலான் கடைக்கு ஓடினேன். வாஷர் அடித்த பின் மிஞ்சும் ஓட்டைத் தகடு அங்கே குவிந்து கிடந்தது. எடைக்கு வாங்கி, கண்ணாடிக்குச் சட்டமாக்கி, முழுக்கப் பொன் பெயிண்ட் பூசினேன்.

அம்மா ஈரத்துணியால் துடைத்தார். "ஏன்டா, தங்கம் துணியோடவே வருதே!" எனக்கு முகமே இல்லை.

குற்றம் பெயிண்டில் இல்லை. பிரஸ்ஸில் போடும் எண்ணெய் தகட்டிலேயே இருந்திருக்கிறது. மறுபடி செய்தேன். கையுறை போட்டுக்கொண்டு (ஓரம் பிளேடு மாதிரி வெட்டும்), சோப்புத்தூள் வெந்நீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, எமரித் தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட். அதன்மேல் மினுமினுப்பில்லாத கறுப்பு. ஓட்டைகளின் விளிம்பில் மட்டும் பொன். கறுப்பின்மேல் கொஞ்சப் பொன்னே எடுப்பாகத் தெரிகிறது. சின்ன டப்பா போதும்.

தஞ்சாவூர் ஓவியத்தில் ஒட்டுவது அசல் தங்க ரேக்கு, மங்காது. மலிவு டப்பாவில் இருப்பது பெரும்பாலும் செம்பும் துத்தநாகமும் சேர்ந்த பித்தளைத் தூள். காற்றுப்பட்டால் கறுக்கும், மேலே வார்னிஷ் அவசியம்.

இரண்டாவது சட்டத்தை அம்மா ஊருக்கே எடுத்துப் போய்விட்டார். என் சுவர் மறுபடி வெறிச்சென்றானது.