சாவுக்கு அடுத்த வாரம்



1982ஆம் ஆண்டு, மார்ச் 16. பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொடரில் ‘எர்த்ஷாக்’ என்ற கதை அன்றோடு முடிகிறது. அந்தத் தொடரைப் பார்த்தவர்களுக்கு அதன் இசை மறக்காது. ஒவ்வொரு எபிசோடு முடியும்போதும் அது ஓங்கி எழும், பெயர்கள் ஓடும். அன்று இசை வரவில்லை. உடைந்து கிடந்த ஒரு பதக்கத்தின் மேல் பெயர்கள் மட்டும் சத்தமில்லாமல் நகர்ந்தன. அது ஏட்ரிக் என்ற இளைஞனுக்குக் கணிதத் திறமைக்காகக் கிடைத்த பதக்கம். ஒன்றரை வருடமாகத் தொடரின் நாயகனான டாக்டரோடு சுற்றியவன் சற்று முன்புதான் செத்துப்போயிருந்தான்.

அவன் சாவை எழுதிய விதம் அருமை. பூமியில் மோதப்போகும் சரக்குக் கப்பல். அதன் கட்டுப்பாட்டை எதிரிகளான சைபர்மேன்கள் பூட்டிவைத்திருக்கிறார்கள். பூட்டைத் திறக்க மூன்று புதிர்களை விடுவிக்க வேண்டும். இரண்டை ஏட்ரிக் விடுவித்துவிட்டான். மற்றவர்கள் தப்பிப்போக, மூன்றாவதையும் முடித்துவிடலாம் என்று அவன் மட்டும் தங்குகிறான். குற்றுயிராகக் கிடந்த ஒரு சைபர்மேன் சுட்டதில் கணினிப் பலகை எரிந்துபோகிறது. தான் போட்ட கணக்கு சரியா, தப்பா என்று தெரியாமலே அவன் சாகிறான். மோதிய கப்பல்தான் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களை அழித்தது என்பது கதை. பாதிப் பேருக்குப் பிடிக்காத பாத்திரம் அது. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசுகிற, தன் புத்தியைத் தானே மெச்சிக்கொள்கிற பையன். அவனுக்காகவும் அன்று பிள்ளைகள் அழுதார்கள்.

தெரிந்த முகங்களைச் சாகடித்தால் ஓர் அறிவியல் புனைகதைத் தொடர் மேம்படுமா? இன்றைக்கு அதைத்தான் பேசப்போகிறேன். மேம்படும் என்றே நினைக்கிறேன். ஆனால் சாகிற எபிசோடை வைத்து அதைத் தீர்மானிக்க முடியாது. அன்றைக்கு எவரும் அழத்தான் செய்வார்கள். கூடவே நல்ல இசையும் சேர்ந்தால் கல்லும் கரையும். நான் பார்ப்பது அடுத்த வாரத்தை. போனவரின் இடம் கதைக்குள் வெற்றிடமாக இருக்கிறதா? இருக்கிறவர்கள் அந்த இழப்பால் கொஞ்சமாவது மாறியிருக்கிறார்களா?

ஏட்ரிக் விஷயத்தில் அடுத்த வாரம் வந்த கதை ‘டைம்-ஃப்ளைட்’. தோழிகள் இருவரும் டாக்டரிடம் மன்றாடுகிறார்கள்: காலத்தில் பின்னே போகிற வண்டி கையில் இருக்கிறதே, போய் அவனைக் காப்பாற்றக் கூடாதா? முடியாது, மீறக் கூடாத விதிகள் உண்டு என்கிறார் டாக்டர். இதுவரை சரி, அந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். ஆனால் சில நிமிடங்களிலேயே, மனதைத் தேற்றிக்கொள்ள 1851ஆம் ஆண்டு லண்டன் பெருங்கண்காட்சிக்குப் போவோம் என்று அவரே ஏற்பாடு செய்கிறார். கண்ணீர் காய்ந்துவிடுகிறது. பிறகு ஹீத்ரோ விமான நிலையம், காணாமல் போன கன்கார்ட் விமானம் என்று கதை வேறு பாதையில் ஓடுகிறது. முந்தின வாரம் இசையை நிறுத்தி மரியாதை செய்தவர்கள், அந்த மரியாதையை இப்படிக் கரைத்துவிட்டார்களே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. ஏட்ரிக்கின் சாவு நல்ல ஓர் எபிசோடைத் தந்தது. தொடருக்கு அதனால் கிடைத்தது சொற்பம்.

இதற்கு நேர் எதிரான ஒன்று அமெரிக்காவில் நடந்தது. ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ 1987இல் தொடங்கியது. விண்கப்பலின் பாதுகாப்பு அதிகாரி டாஷாவாக நடித்தவர் டெனிஸ் கிராஸ்பி. தன் பாத்திரம் வளரவில்லை என்ற மனக்குறையில் முதல் சீசன் முடியும் முன்பே விலகிக்கொள்ளக் கேட்டார். 1988 ஏப்ரலில் வந்த ‘ஸ்கின் ஆஃப் ஈவில்’ எபிசோடில் டாஷாவைச் சாகடித்தார்கள். அதைவிட அலட்சியமான சாவைப் பார்ப்பது கடினம். ஆர்மஸ் என்றொரு கறுத்த, தாரெண்ணெய் போன்ற ஜந்து வழிமறிக்கிறது. விழுந்து நொறுங்கிய ஓடத்தில் சிக்கியவர்களுக்கு உதவப்போகும் டாஷா அதைச் சுற்றிக்கொண்டு நடக்கப் பார்க்கிறார். ஒரே வீச்சு. தூக்கி எறியப்பட்டு விழுகிறார், அவ்வளவுதான். எபிசோடு தொடங்கிக் கொஞ்ச நேரமே ஆகியிருக்கும். வீரச் செயல் கிடையாது, கடைசி வார்த்தை கிடையாது. பாதுகாப்புப் பணியில் சாவு இப்படித்தான் வரும் என்பது தொடரைப் படைத்த ஜீன் ரோடன்பெரியின் எண்ணம். அந்த எண்ணத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் திரையில் அது வெறும் விபத்தாகத்தான் நின்றது.

அந்த எபிசோடைக் காப்பாற்றுவது அதன் கடைசிக் காட்சி. டாஷா முன்கூட்டியே பதிவுசெய்து வைத்த பிம்பம் ஒரு புல்வெளியில் தோன்றி ஒவ்வொருவரிடமும் விடைபெறுகிறது. எல்லோரும் கலைந்த பிறகு டேட்டா கேப்டன் பிகார்டிடம் வருகிறது. டேட்டா ஓர் இயந்திர மனிதன்; உணர்ச்சி தனக்குக் கிடையாது என்று சொல்லிக்கொள்ளும். இந்த நினைவுக் கூட்டம் எதற்கு என்று தனக்குப் புரியவில்லையோ என்று சந்தேகம் கேட்கிறது. போனவரை நினைக்க வேண்டிய நேரத்தில், அவர் இல்லாமல் தனக்கு எவ்வளவு வெறுமையாக இருக்கும் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்ததாம். உனக்குச் சரியாகத்தான் புரிந்திருக்கிறது என்கிறார் பிகார்ட்.

அடுத்த வருடம், 1989 பிப்ரவரியில், ‘தி மெஷர் ஆஃப் எ மேன்’ வந்தது. டேட்டாவைப் பிரித்துப் பார்த்து ஆராய ஒரு விஞ்ஞானி அனுமதி கேட்கிறான். டேட்டா ஓர் ஆளா, அல்லது படையின் உடைமையா என்று வழக்கு நடக்கிறது. டேட்டா கப்பலை விட்டுக் கிளம்பக் கட்டி வைத்திருந்த பையிலிருந்து பிகார்ட் சாமான்களை எடுத்து நீதிமன்றத்தில் வைக்கிறார். பதக்கங்கள், பிகார்ட் பரிசளித்த ஒரு புத்தகம், கையகலப் பலகையில் டாஷாவின் ஒளிப்பிம்பம். இதை ஏன் எடுத்துப்போகிறாய் என்ற கேள்விக்கு டேட்டா தயங்குகிறது. ரகசியம் காப்பதாக டாஷாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. பிறகு சொல்கிறது: அவர் எனக்கு முக்கியமானவர், எங்களுக்குள் நெருக்கம் இருந்தது. அறையில் எல்லோருடைய முகமும் மாறுகிறது. இயந்திரம் ஒரு மனுஷியை நினைவில் வைத்திருக்கிறது, அதுவே சாட்சியம். டாஷா உயிரோடு கப்பலில் இருந்திருந்தால் இந்தக் காட்சியை எழுதியிருக்க முடியாது. அலட்சியமாகக் கொல்லப்பட்ட பாத்திரம், பத்து மாதம் கழித்து இன்னொருவனுக்கு உயிர்ப்பிச்சை வாங்கிக் கொடுக்கிறது!

இன்னொரு லாபமும் உண்டு. டாஷாவின் வேலை வோர்ஃபுக்குப் போனது. முதல் சீசனில் பின்வரிசையில் முறைத்துக்கொண்டு நின்ற, கிளிங்கன் இனத்து அதிகாரியான அவர், அந்தப் பதவியால் கதையின் நடுவுக்கு வந்தார். பிற்பாடு அவருடைய குலம், மானம், தந்தையின் பெயர் என்று எழுதப்பட்ட கதைகள் அந்தத் தொடரின் மிகச் சிறந்த கதைகளில் சேரும்.

அதோடும் எழுத்தாளர்கள் விடவில்லை. 1990 பிப்ரவரியில் ‘யெஸ்டர்டேய்ஸ் என்டர்பிரைஸ்’. வரலாறு புரண்டுபோன ஓர் உலகத்தில் டாஷா உயிரோடு இருக்கிறார். நீ இங்கே இருக்க வேண்டியவள் இல்லை, உன் சாவுக்கு அர்த்தம் இருக்கவில்லை என்று கப்பலில் இருக்கும் கைனன் என்ற பெண் அவரிடம் சொல்கிறாள். கடந்த காலத்திலிருந்து வந்த, தோற்கப்போகிற கப்பல் ஒன்று தன் காலத்துக்கே திரும்பிப் போய்ச் சண்டையிட வேண்டியிருக்கிறது. டாஷா தானே கேட்டு அதில் ஏறுகிறார். தாங்கள் எழுதிய சாவில் குறை இருந்தது என்று ஒரு தொடரே கதைக்குள் சொல்லி, அதை நேர்செய்ததை வேறெங்கும் நான் இவ்வளவு நேர்த்தியாகப் பார்த்ததில்லை.

அதை எழுதியவர்களில் ஒருவர் ரொனால்ட் டி. மூர். பின்னாளில் புது ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’வை உருவாக்கியவர் அவர்தான். சாவைப் பற்றி அவர் அங்கே செய்தது இன்னும் பெரிய காரியம். 1966இல் வந்த முதல் ‘ஸ்டார் ட்ரெக்’கில், கேப்டனோடு புதுக் கிரகத்தில் இறங்கும் சிவப்புச் சட்டைக்காரர் சில நிமிடங்களில் சாவார். நாயகர்கள் குனிந்து பார்த்துவிட்டு நடப்பார்கள். ‘ரெட் ஷர்ட்’ என்றாலே சாகப்போகிற துணைப்பாத்திரம் என்று பொருளாகிவிட்டது. மூரின் தொடரிலோ முகப்பிலேயே ஓர் எண் வரும்: மனித குலத்தில் மிஞ்சியவர்கள் இத்தனை பேர். முதல் எபிசோடு ‘33’. எதிரிகள் முப்பத்து மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை தாக்குகிறார்கள், ஐந்து நாளாக ஒருவரும் தூங்கவில்லை. அதிபர் ரோஸ்லின் வெள்ளைப்பலகையில் எண்ணை அழித்து அழித்துக் குறைக்கிறார். கடைசியில் ஒரு கப்பலில் ஆண் குழந்தை பிறந்த செய்தி வருகிறது. அவர் எழுந்துபோய் ஒன்றைக் கூட்டி 47,973 என்று எழுதுகிறார். பெயரில்லாதவர்களின் சாவுக்குக் கணக்கு வைத்த பிறகு, பெயருள்ளவர்கள் சாகும்போது அது அதே கணக்கில் விழுகிறது. அதற்கென்று தனியாக ஒப்பாரி வைக்க வேண்டியதில்லை.

நடிகர் விலகுகிறார், சம்பளம் ஒத்துவரவில்லை, தொலைக்காட்சி நிறுவனம் பரபரப்புக் கேட்கிறது. பெரும்பாலான சாவுகளுக்குக் காரணம் இப்படிக் கதைக்கு வெளியேதான் இருக்கிறது. அதைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் ஊர் சீரியல்களில் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று எழுதிப் போடுவதைப்போல ஏதாவது செய்துதான் ஆக வேண்டும். 1966இல் முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் விலகியபோது, டாக்டரின் உடலே மாறிவிடும் என்று ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தொடர் இன்றுவரை வாழ்வது அதனால்தான்.

ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனமே இந்த வகைக் கதைகளுக்கு நோயாகவும் வந்து சேர்ந்தது. நகல் எடுக்கலாம், இணை உலகத்திலிருந்து அழைத்துவரலாம், காலத்தைத் திருப்பலாம். ‘ஸ்டார்கேட் அட்லாண்டிஸ்’ தொடரில் கார்சன் பெக்கெட் என்றொரு மருத்துவர். வெடிக்கக்கூடிய ஒரு கட்டி நோயாளியின் உடலில் இருக்கிறது. மற்றவர்கள் தடுத்தும் அறுவை செய்து எடுக்கிறார். குண்டு செயலிழக்கச் செய்பவரிடம் அதை ஒப்படைக்கும் நேரத்தில் அது வெடித்து இறக்கிறார். மருத்துவர் என்ற அவருடைய இயல்பிலிருந்தே விளைந்த சாவு. எனக்கு மிகவும் பிடித்தது. ரசிகர்கள் கொதித்தார்கள். அடுத்த சீசனில் அவருடைய நகல் கண்டுபிடிக்கப்பட்டது, அதே முகம், அதே பேச்சு. நடிகரைத் திரும்பப் பார்த்ததில் எனக்கும் சந்தோஷம்தான். என்றாலும் அந்த அறுவை சிகிச்சையை இப்போது பார்க்கும்போது நெஞ்சு அடைப்பதில்லை.

‘டார்ச்வுட்’ அந்தச் சலுகையைத் தரவில்லை. அதன் நாயகன் ஜாக்குக்குச் சாவே கிடையாது, சுற்றியிருப்பவர்கள்தான் சாவார்கள். 2009 ஜூலையில் ஐந்து இரவுகள் தொடர்ந்து வந்த ‘சில்ட்ரன் ஆஃப் எர்த்’ கதையில், நான்காம் நாள் ஜாக்கின் காதலன் யான்டோ ஜோன்ஸ் சாகிறான். ஜாக் திட்டம் ஏதுமின்றி, வாய்ச்சவடாலோடு எதிரியின் முன்னால் போய் நின்றதற்கு யான்டோ கொடுத்த விலை அது. அடுத்த இரவே விளைவு தெரிகிறது. உலகத்துக் குழந்தைகளைக் காப்பாற்ற ஜாக் தன் பேரனையே பலிகொடுக்கிறான். பிறகு பூமியில் இருக்கப் பொறுக்காமல் கிளம்பிவிடுகிறான். கார்டிஃப் நகரில் மெர்மெய்ட் கீ என்ற துறைமுகப் பகுதியில் ஒரு சுவர் முழுக்க யான்டோவுக்கு ரசிகர்கள் கடிதமும் பூவும் வைத்தார்கள். நடந்துபோகிறவர்கள் நின்று படிக்கும் நினைவிடமாக அது ஆகிவிட்டது.

இறுதியாக, நான் அதிகம் மதிக்கும் ‘பிளேக்ஸ் 7’. பிபிசியில் 1978 முதல் 1981 வரை வந்தது. கொடுங்கோல் அரசை எதிர்க்கும் சிறு கும்பலின் கதை. இரண்டாம் சீசனில் ‘பிரஷர் பாயின்ட்’. அரசின் மைய மூளையான கணினிக் கூடத்தைத் தாக்கப் பிளேக் தோழர்களை அழைத்துப்போகிறான். உள்ளே போனால் காலி அறை. முப்பது வருடம் முன்பே இடத்தை மாற்றிவிட்டார்களாம்! திரும்பும் வழியில் கான் என்ற பலசாலி, கதவைத் தாங்கிப் பிடித்து மற்றவர்களை அனுப்பிவிட்டு, இடிந்து விழும் கூரையில் நசுங்கிச் சாகிறான். ஒன்றுமில்லாத அறைக்காக ஓர் உயிர். அடுத்த எபிசோடு ‘ட்ரையல்’. குற்றவுணர்வு தாங்காமல் பிளேக் கப்பலை விட்டிறங்கி ஒரு கிரகத்தில் தனியே போய்விடுகிறான். தோழர்கள் இனி அவனை நம்பலாமா என்று பேசிக்கொள்கிறார்கள். அதுவரை சாதாரண நாயகனாக இருந்த பிளேக், அன்றிலிருந்து சந்தேகத்துக்குரிய மனிதனாகிறான்.

அந்தச் சந்தேகம் 1981 டிசம்பர் 21 வரை வளர்கிறது. கடைசி எபிசோடில் கும்பலில் ஒருவனான ஏவனும் பிளேக்கும் நெடுநாள் கழித்துச் சந்திக்கிறார்கள். காட்டிக்கொடுத்துவிட்டாயா என்று கேட்கிறான் ஏவன். பிளேக் விளக்க வருகிறான், நெருங்குகிறான், ஏவன் சுட்டுவிடுகிறான். பிளேக் காட்டிக்கொடுக்கவே இல்லை. சிப்பாய்கள் உள்ளே நுழைந்து மற்றவர்களை ஒவ்வொருவராக வீழ்த்துகிறார்கள். பெயர்கள் ஓடும்போது துப்பாக்கிச் சத்தம் மட்டும் கேட்கிறது. பிளேக்காக நடித்த கேரத் தாமஸ், தன் பாத்திரம் சந்தேகத்துக்கு இடமின்றிச் சாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அதனால் அவர் உடலில் மட்டும் ரத்தம் தெரியும்.

இணையத்தில் அந்தக் கடைசிக் காட்சி தனியாகக் கிடைக்கிறது. தயவுசெய்து அதிலிருந்து தொடங்காதீர்கள். ‘பிரஷர் பாயின்ட்’, ‘ட்ரையல்’ இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள், பிறகு முடிவுக்கு வாருங்கள். ஏவன் ஏன் அந்தக் கேள்வியைக் கேட்கிறான் என்பது அப்போதுதான் விளங்கும்.