பெயர் மறைத்த கொடை

திருக்குறளில் ஈகை 23ஆம் அதிகாரம். அதனை அடுத்த 24ஆம் அதிகாரம் புகழ். இவ்வைப்புமுறை தற்செயலானதன்று. கொடுத்தவன் பெயர் நிலைக்க வேண்டும் என்பது தமிழ் மரபின் வேரோடிய எண்ணங்களுள் ஒன்று. பாரியும் பேகனும் அதியமானும் இன்றுவரை நாவில் நிற்பதற்குக் காரணம் அவர்கள் கொடுத்தது மட்டுமன்று; கொடுத்தவர் இன்னார் என்று பாடிவைக்கப் புலவர் இருந்ததும் ஆகும்.

கொடுப்பவன் தன் பெயரை மறைத்துக்கொண்டால் கொடை என்னவாகும்? பெறுபவன், தந்தவர் யாரென அறியாமலே அப்பொருளின் தரத்தைக் கூற வேண்டியிருந்தால் அவன் சொல் எவ்வாறிருக்கும்? இவ்விரு வினாக்களுக்கும் விடை தரும் வழக்கம் ஒன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உண்டு. வீட்டில் பீர் சமைப்போர், கிறிஸ்துமஸ் காலத்தில் தம் பெயரைக் கூறாமல் ஒருவருக்கொருவர் புட்டிகளைப் பரிசளித்துச் சுவைத்துக் கருத்துரைக்கும் வழக்கமே அது.

கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த மொழியில் இதனைப் பேசலாமா எனும் ஐயம் எழுவது இயல்பு. மது எந்த அளவிலும் தீங்கற்றதன்று என உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் வெளிப்படையாக அறிவித்துள்ளது. அவ்வறிவிப்பை மறுப்பதோ மதுவைப் போற்றுவதோ இவ்வுரையின் நோக்கமன்று. புட்டியில் இருக்கும் பொருளைவிட, அதனைக் கொடுக்கும் முறையும் அதனைப் பற்றிப் பேசும் முறையுமே இங்கு ஆராய்ச்சிக்குரியன.

சட்டம் அடைத்த வழியும் திறந்த வழியும்

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நாடு தழுவிய மதுவிலக்கு நிலவியது. அது நீங்கிய பின்னர், வீட்டுத் தலைவர் தம் குடும்பத்திற்கெனத் திராட்சை மது ஆக்கிக்கொள்ளச் சட்டம் இடமளித்தது. பீருக்கு அவ்வுரிமையை அளிக்கவில்லை. எனவே பல ஆண்டுகள் வீட்டுப் பீர் மறைவாகவே சமைக்கப்பட்டது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மால்டோஸ் ஃபால்கன்ஸ் எனும் மன்றம் தோன்றிய 1974இலும் நிலை அதுவே.

1978 அக்டோபர் 14ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் இந்நிலையை மாற்றியது. 1979 பிப்ரவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின்படி, வயதுவந்த ஒருவர் ஆண்டிற்கு 100 காலன், அதாவது ஏறத்தாழ 378 லிட்டர் பீரை வரியின்றி ஆக்கிக்கொள்ளலாம். வயதுவந்தோர் இருவரோ அதற்கு மேற்பட்டோரோ வாழும் வீட்டிற்கு எல்லை 200 காலன். ஆயினும் மாநிலங்கள் தத்தமக்கெனச் சட்டமியற்றும் உரிமை உடையவை. மிசிசிப்பியும் அலபாமாவும் இதற்கு இசைந்தது 2013இல்தான்.

இச்சட்டத்தோடு ஒரு தடை இணைந்துள்ளது. வீட்டில் ஆக்கிய பீரை விற்றலாகாது. குடும்பத்தில் பயன்படுத்தலாம், கண்காட்சிக்கும் போட்டிக்கும் சுவைத்தறியும் கூட்டத்திற்கும் எடுத்துச் செல்லலாம், ஒரு காசுக்கேனும் விற்கலாகாது. வீட்டில் பீர் சமைப்போர் பெரும்பாலும் ஒரு முறைக்கு ஐந்து காலன் சமைப்பர். ஒரு புட்டி 12 அவுன்ஸ், அதாவது 355 மில்லிலிட்டர் எனக் கொண்டால், அது ஐம்பதுக்குச் சற்று மேற்பட்ட புட்டிகளை நிரப்பும். ஓர் இல்லத்தார் அத்தனையையும் தாமே குடிப்பது நல்லதன்று, விற்கவும் வழியில்லை. எஞ்சிய வழி ஒன்றே: கொடுத்தல். சட்டம் சந்தையை அடைத்ததனால் கொடைக்கு வழி திறந்தது எனலாம்.

இக்கலையைப் பரப்பியவர்களுள் சார்லி பப்பாசியன் குறிப்பிடத்தக்கவர். கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரில் 1978இல் அமெரிக்க வீட்டுப் பீர் சமைப்போர் சங்கம் தோன்றக் காரணமானவர் அவர். கவலையை விட்டு அமைதியாக இருங்கள் என்பதே 1984இல் வெளிவந்த அவரது கையேடு புதியவர்க்குச் சொன்ன அறிவுரை. பிழை நேரும் என்பதை ஏற்றுக்கொண்ட ஓர் ஆசிரியரின் குரல் அது.

முளைத்த தானியத்தின் கதை

பீரின் அடிப்படைப் பொருள்கள் நான்கு: நீர், முளைகட்டி உலர்த்திய பார்லி, ஹாப்ஸ் எனும் கொடியின் பூ, ஈஸ்ட் எனும் நுண்ணுயிர். தானியம் முளைக்கும்போது அதனுள் தோன்றும் நொதிப்பொருள்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் ஆற்றல் பெறுகின்றன. அம்முளைத் தானியத்தை நொறுக்கி, ஏறத்தாழ 65 முதல் 68 பாகை செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் இனிய சாறு கிடைக்கும். அதனை வடித்து, ஹாப்ஸ் சேர்த்துக் கொதிக்கவைத்து, விரைந்து ஆறவைத்து ஈஸ்ட்டைக் கலப்பர். ஈஸ்ட் சர்க்கரையை உண்டு சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் தரும். நொதித்தல் அடங்கியபின் சிறிதளவு சர்க்கரை சேர்த்துப் புட்டியில் அடைத்தால், இரண்டு மூன்று வாரங்களில் நுரை உண்டாகும். சர்க்கரை மிகுந்தால் புட்டி வெடிக்கும். இங்குக் கவனக்குறைவு பிறர் கையைக் கிழிக்கும் என்பதும் நினைவிற்குரியது.

பத்துப்பாட்டைப் பயின்றோர்க்கு இம்முறை முற்றிலும் புதிதாகத் தோன்றாது. பெரும்பாணாற்றுப்படை, சமைத்து ஆற்றிய அரிசிக் களியோடு முளைநெல்லைச் சேர்த்து, சாடியில் இட்டு முதிரவைத்து வடிக்கும் நறும்பிழியைக் கூறுகின்றது. நெல்லினால் ஆக்கிய கள்ளுக்குத் தோப்பி எனும் பெயரும் சங்க நூல்களில் வழங்குகின்றது. பார்லி விளைந்த நாட்டார் பார்லியையும் நெல் விளைந்த நாட்டார் நெல்லையும் முளைகட்டினர். முளையின் இயல்பை இரு சாராரும் கண்டறிந்தனர்.

திருநாளும் பெயர் மறைப்பும்

கிறிஸ்துமஸ் திருநாளுக்கும் பெயர் மறைத்த கொடைக்கும் உள்ள உறவு பழமையானது. வறிய தந்தை ஒருவரின் மூன்று பெண்மக்கள் மணம் பெறும்பொருட்டு, இரவில் எவரும் அறியாமல் பொன்முடிப்புகளை அவ்வீட்டினுள் இட்டார் என்பது தூய நிக்கோலாசைப் பற்றிய மரபுக் கதை. அவரே பின்னர்க் கிறிஸ்துமஸ் தாத்தாவாக உருமாறினார். நெதர்லாந்து நாட்டில் டிசம்பர் 5ஆம் நாள் மாலை கொண்டாடப்படும் நிக்கோலாஸ் விழாவில், சீட்டுக் குலுக்கி யாருக்கு யார் பரிசு தருவது என முடிவு செய்வர். பரிசோடு பெறுபவரைக் கேலி செய்யும் செய்யுள் ஒன்றும் இருக்கும். அதனடியில் எழுதியவர் பெயர் இராது, நிக்கோலாசின் பெயரே இருக்கும். சுவீடன் நாட்டிலோ, கதவைத் தட்டிவிட்டுப் பரிசை உள்ளே எறிந்து ஓடி மறைவது பழைய வழக்கம். பரிசைக் குறிக்கும் அவர்தம் சொல்லிலேயே தட்டுதல் எனும் பொருள் அடங்கியுள்ளது.

பீருக்கும் இத்திருநாளில் தொன்மையான இடமுண்டு. நார்வே நாட்டின் இடைக்காலச் சட்டத் தொகுப்பான குலாத்திங் சட்டம், கிறிஸ்துமசுக்கு ஒவ்வொரு குடியானவனும் பீர் சமைத்தாக வேண்டும் என விதித்தது; தவறியோர்க்குத் தண்டமும் விதித்தது. அந்நாட்டின் மேற்குப் பகுதிச் சிற்றூர்களில், க்வைக் எனப்படும் ஈஸ்ட்டைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தனர். மரவளையங்களில் தோய்த்து உலர்த்தி வைப்பர். ஒருவர் வீட்டு ஈஸ்ட் கெட்டுப்போனால் அண்டை வீட்டாரிடம் பெற்றுக்கொள்வர். தயிருக்கு உறை மோர் கேட்டுச் செல்லும் தமிழ்நாட்டு வழக்கத்தோடு இதனை ஒப்பிடலாம். கொடுத்ததனால் குறையாதது அது. கொடுத்து வைத்தவர்க்கே ஒரு நாள் திரும்பியும் வருவது.

புட்டி கைமாறும் விதம்

அமெரிக்க மன்றங்களில் நிகழும் பரிமாற்றம் எளிமையானது. உறுப்பினர் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, ஒவ்வொருவரும் ஒரு சீட்டை எடுப்பர். சீட்டில் உள்ளவர்க்குத் தாம் சமைத்தவற்றுள் சிலவற்றை வழங்க வேண்டும். புட்டியில் பெயரோ அடையாளச் சீட்டோ இராது. மூடியின்மேல் ஓர் எண் மட்டும் இருக்கும். அஞ்சல் துறை வழியே மது அனுப்புவதை அமெரிக்கச் சட்டம் தடுப்பதால், கூட்டத்தில் நேரில் கைமாறுவதே இதற்கு ஏற்றது.

குளிர்காலத்திற்கு உரியவை பெரும்பாலும் கருநிறமும் செறிவும் உடையவை. இலவங்கப்பட்டை, சாதிக்காய், இஞ்சி, ஆரஞ்சுத் தோல் ஆகியன சேர்ப்பாரும் உளர். செறிவு மிக்கவை முதிரப் பல மாதங்கள் வேண்டும். டிசம்பரில் கொடுக்க வேண்டியதைக் கோடையிலேயே சமைக்க வேண்டும். யாருக்குச் சேரும் என்பதே தெரியாத பரிசுக்காகக் கோடை வெயிலில் அடுப்பின் முன் நிற்பவரின் உழைப்பு எண்ணிப் பார்க்கத்தக்கது.

சுவைப்பவரின் கடமை

பெற்றவர்க்கும் ஒரு கடமை உண்டு. குடித்து மகிழ்வதோடு அது முடிவதில்லை. உணர்ந்ததை எழுதித் தர வேண்டும். 1985இல் தோன்றிய பீர் நடுவர் சான்றளிப்பு அமைப்பு வகுத்த முறை இதற்குத் துணைசெய்கிறது. மொத்தம் 50 மதிப்பெண்கள்: மணத்திற்கு 12, தோற்றத்திற்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, முழுமையான உணர்விற்கு 10. கண்ணைக் கவரும் தோற்றத்திற்கு மூன்றே மதிப்பெண்கள் என்பது கருதத்தக்கது.

நன்றாக இருக்கிறது, நன்றாக இல்லை எனும் சொற்களுக்கு இங்கு மதிப்பில்லை. குறை எது, அது எதனால் வந்தது எனக் கூறல் வேண்டும். வெண்ணெய் மணம் வீசினால், ஈஸ்ட் தன் பணியை முடிக்கும் முன்பே அது பிரிக்கப்பட்டிருக்கலாம். பச்சை ஆப்பிளின் மணம் பீர் இன்னும் முதிரவில்லை என்பதைக் காட்டும். வேகவைத்த மக்காச்சோளத்தின் மணம், மூடிவைத்துக் கொதிக்கவிட்டதன் விளைவாகலாம். நனைந்த அட்டையின் மணம் காற்றுப்பட்டதன் அடையாளம். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து தீய நாற்றம் பிறக்கும். பழுப்புநிறப் புட்டி பயன்படுவது அதனால்தான். ஒவ்வொரு குறைக்கும் ஒரு காரணமும், ஒவ்வொரு காரணத்திற்கும் ஒரு தீர்வும் உண்டு. காரணம் கூறாத பழிப்பு வசை; காரணம் கூறும் பழிப்பு பாடம்.

இங்கேதான் பெயர் மறைப்பின் பயன் தெளிவாகின்றது. எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு குறைகூற எவருக்கும் நா எழுவதில்லை. மன்றத்தின் மூத்தவர் சமைத்தது எனத் தெரிந்தால் வெண்ணெய் மணமும் சிறப்பாகிவிடும். நேற்றுச் சேர்ந்தவர் சமைத்தது எனத் தெரிந்தால் நல்ல நறுமணமும் தற்செயலாகிவிடும். பெயர் மறைந்த இடத்தில் நாக்கு ஒன்றே நடுவராகின்றது. முதன்முறை சமைத்தவர் மூத்தவரைவிட உயர்ந்த மதிப்பெண் பெறவும் அங்கு வாய்ப்புண்டு.

பெயரின்மை இருவகை

பெயரின்மை எல்லா இடத்திலும் நன்மை தருவதன்று. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அச்சாராயப் பைகளிலும் செய்தவர் பெயர் இல்லை. அங்குப் பெயர் மறைந்தது பொறுப்பிலிருந்து தப்புவதற்கு. வாங்கியவர் வறியவர், விற்றவர் நோக்கம் பணம், குடித்தவர் சொல்லைக் கேட்க எவரும் இல்லை.

வீட்டுப் பீர் பரிமாற்றத்தில் பெயர் மறைவது புகழிலிருந்து விலகுவதற்கு, பொறுப்பிலிருந்து அன்று. அதனால்தான் கருத்துரைகள் படிக்கப்பட்டபின், இறுதியில் எண்களுக்குரிய பெயர்கள் வெளியிடப்படுகின்றன. தன் குறையைப் பலர் கேட்கப் படித்தபின், அது என்னுடையது எனக் கையுயர்த்தும் துணிவு எளிதன்று. அத்துணிவு உள்ளவரே அடுத்த கோடையில் அதனினும் சிறந்ததைச் சமைப்பார்.

இலக்கிய வட்டங்களுக்கு ஒரு செய்தி

கவியரங்கில் கவிதை படிக்கப்படும் முன்பே கவிஞரின் பெயரும் பட்டமும் பெருமையும் படிக்கப்படுகின்றன. கைதட்டல் கவிதைக்கா, பட்டத்திற்கா எனப் பிரித்தறிய வழியில்லை. புகழுரைகள் மிகுந்து, திறனாய்வு அருகிய அவையில் இளங்கவிஞன் ஒருவன் எதனைக் கற்க முடியும்? தன் கவிதையில் எந்தச் சொல் வெண்ணெயாக மணக்கிறது, எந்த அடி இன்னும் முதிரவில்லை என்று அவனுக்குச் சொல்வார் யார்?

பத்தாண்டு நிறைந்த ஓர் இலக்கிய வட்டம் ஆண்டிற்கு ஒரு கூட்டத்தையேனும் இதற்கென ஒதுக்கலாம். பெயரில்லாத கவிதைகள் எண்ணிட்டுப் படிக்கப்படட்டும். குறையும் நிறையும் காரணத்தோடு உரைக்கப்படட்டும். முடிவில் பெயர்கள் வெளிப்படட்டும்.

வள்ளுவர் ஈகைக்கு அடுத்துப் புகழை வைத்தார். அவ்விரண்டிற்கும் இடையே சிறிது நேரம் பெயரை மறைத்து வைக்கும் துணிவு வேண்டும். அந்தச் சிறிது நேரத்தில்தான் நேர்மையான சொல் பிறக்கின்றது. அவ்வாறு பிறந்த சொல்லைத் தாங்கி நிற்கும் புகழே நிலைப்பதாகும்.