லயத்துப் பாட்டிக்கு ஓர் ஊசி

பல வெளிநாடுகளில் குளிர்காலம் நெருங்கினால், இன்ஃப்ளூவென்சா தடுப்பூசியில் முதியோர் இல்லங்களுக்கு முன்னுரிமை கிடைக்கும். நெருங்கி வாழும் வயதானவர்கள். ஒருவருக்கு வந்தால் வரிசையாகப் பலருக்கும் வந்துவிடலாம்.

நம் ஹட்டன், நுவரெலியாத் தேயிலைத் தோட்டங்களில் பெரும்பாலான முதியவர்களுக்கு இல்லம் எது? லயம் எனப்படும் வரிசைக் குடியிருப்பின் ஒரு காம்பராதான். பத்துக்குப் பன்னிரண்டடிக்குள் தாத்தா, பாட்டி, பள்ளிக்கூடத்திலிருந்து தடிமனோடு வரும் பேரன், விறகடுப்புப் புகை. குளிருக்கு ஜன்னலும் சாத்தியிருக்கும். வைரசுக்கு வேறென்ன வேண்டும்?

தடுப்பூசி என்றதும், 2021 ஜனவரி 29இல் இலங்கையில் கொரோனா ஊசி தொடங்கியது நினைவுக்கு வரும். அதைப் போட்டாயிற்றே என்று இருந்துவிட முடியாது, இது வேறு ஊசி. இன்ஃப்ளூவென்சா வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் போட வேண்டும். பலன் தெரிய சுமார் இரண்டு வாரமாகும். இங்கே இந்தக் காய்ச்சல் அதிகம் பரவுவது பொதுவாக ஆண்டின் நடுப்பகுதியிலும், ஆண்டு இறுதியை ஒட்டியும். அதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.

“ஊசி போட்டால்தான் காய்ச்சலே வரும்” என்று பாட்டி அடம்பிடிப்பார். ஓரிரு நாள் கை வலிக்கும், மேல் லேசாகச் சுடும், அவ்வளவுதான். ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸ், அதனால் நோயைத் தர முடியாது. போட்ட பிறகும் தடிமன் வரலாம்; ஆனால் நிமோனியாவாகி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் வாய்ப்புக் குறையும்.