சொல்லிலே திசை

ஹட்டனிலிருந்து நானுஓயாவுக்குப் புகையிரதத்திலே செல்லுகின்ற ஒருவர், அங்கிருந்து நுவரெலியாவுக்கு மலைப்பாதையிலே ஏறிச் செல்லுகின்றார். இப்பயணத்தைத் தமிழிலே கூறுவதற்கு இரண்டு உருபுகள் போதும். பெயரோடு 'கு' சேர்ந்தால் அது சேருமிடம். 'இலிருந்து' சேர்ந்தால் அது நீங்குமிடம். ஊராயினும் நாடாயினும் தேயிலைத் தோட்டமாயினும் உருபு மாறுவதில்லை. ஆளானால் மட்டும் 'மருத்துவரிடம் சென்றார்' என்று 'இடம்' வருகின்றது.

பிரெஞ்சு மொழியிலோ திசைகாட்டும் சொல் பெயருக்கு முன்னே நிற்கின்றது. பெயரின் இயல்புக்கேற்ப மாறவும் செய்கின்றது. ஊருக்குச் செல்வதாயின் 'ஆ'. பெண்பாற் பெயருடைய நாட்டுக்கு 'ஆன்'. மெய்யொலியில் தொடங்கும் ஆண்பாற் பெயருடைய நாட்டுக்கு 'ஓ'. ஒருவரிடத்துக்கோ அவருடைய இல்லத்துக்கோ செல்வதாயின் 'ஷே'. ஆகவே ஹட்டனுக்கு 'ஆ'வும், இந்தியாவுக்கு 'ஆன்' என்பதும், மருத்துவரிடத்துக்கு 'ஷே'யும் வரும்.

இதற்கு நம் நாட்டின் பெயரே நல்ல சான்றாகும். பிரெஞ்சுக்காரர் இத்தீவைச் 'செலான்' என்றழைத்த காலத்தில், கியூபாவுக்கும் மடகாஸ்கருக்கும் போலவே அதற்கு 'ஆ' என்பதையே வழங்கினர். 1972 ஆம் ஆண்டில் ஸ்ரீலங்கா என்ற பெயர் வந்தது. அதனை ஆண்பாலாகக் கொண்டமையால் 'ஓ ஸ்ரீலங்கா' என்றாயிற்று. நிலம் மாறவில்லை, பெயர் மாறியதும் உருபு மாறியது.

மீள்வதைக் குறிக்கும் வினைகளும் அம்மொழியில் மூன்றுண்டு. முன்பிருந்த இடத்துக்குத் திரும்பிப் போதல் 'ரத்தூர்னே'. பேசுவோன் இருக்குமிடத்துக்குத் திரும்பி வருதல் 'ரவ்னீர்'. தன் வீடு திரும்புதல் 'ராந்த்ரே'. மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே: முன்பு அங்கிருந்து புறப்பட்டிருத்தல் வேண்டும்.

இதனை மலையகத்தார் எளிதில் உணர்வர். 1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கையின்படி, 525,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அவ்வாறு கப்பலேறியவர்களுக்குத் தமிழ்நாட்டில் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். ஆயினும் அவர்களுட் பலர் பிறந்தது தேயிலைத் தோட்டத்து லயத்திலே. இந்தியாவை முன்பு கண்டதில்லை. போயறியாத ஊருக்குத் திரும்புவது எங்ஙனம்? மூன்று பிரெஞ்சு வினைகளுள் ஒன்றும் அவர்களுக்குப் பொருந்தாது; தமிழின் 'திரும்பு' என்பதும் பொருந்தாது. 'சென்றனர்' என்பதே அவர்களுக்கேற்ற சொல்.

ஆகவே, திசைச்சொல்லைக் கையாளுவோர் இலக்கணத்தோடு இன்னொன்றையும் கேட்டறிதல் நன்று: செல்லுகின்றவர் எவ்விடத்தைத் தம் வீடென்று கொள்ளுகின்றார்?