ஷாம்பேன் என்னும் பெயர்

ஒரு பெயர் யாருக்கு உரியது என்னும் வழக்கில் மாளிகைகள் எரிந்ததுண்டு. பிரான்சின் வடகிழக்கே விளையும் ஷாம்பேன் என்னும் திராட்சை மதுவின் கதை அது.

1908-இல் பிரெஞ்சு அரசு ஆணையொன்றால் ஷாம்பேனுக்கு எல்லை வகுத்தது. மார்ன் மாவட்டமும் அதன் மேற்கே சில ஊர்களும் உள்ளே வந்தன. தெற்கேயுள்ள ஓப் மாவட்டம் வெளியே நின்றது. ஓப் மாவட்டத்தின் தலைநகர் த்ருவா. பழைய ஷாம்பேன் கோமான்களின் தலைநகரும் அதுவே! வரலாறு தந்த பெயரை வரைபடம் பறித்துவிட்டது.

மார்ன் உழவர்க்கும் குறை இருந்தது. வணிகர் சிலர் வெளியூர்த் திராட்சையைத் தருவித்து, ஷாம்பேன் என்று விற்று வந்தனர். 1910-இல் விளைச்சலும் பொய்த்தது. மறு ஆண்டு ஏப்ரலில், எல்லையே நீங்கப்போகிறது என்ற செய்தி எட்டவே, ஆயி என்னும் ஊரில் வணிகர் மாளிகைகளுக்குத் தீ வைத்தனர், படை வந்தது. ஓப் மாவட்டத்துக்கு அரசு அளித்த பெயர் ‘ஷாம்பேன், இரண்டாம் மண்டலம்’. சொற்களை எடைபோட்டுப் பழகிய நமக்கு, இது பட்டத்தைத் தந்து மதிப்பைப் பிடுங்கியதாகவே தோன்றுகிறது.

1927-ஆம் ஆண்டுச் சட்டமே அவ்விழிவை நீக்கியது. ஆனால் ஊர் மட்டும் போதாது, பினோ, ஷார்தொனே முதலிய குறித்த கொடிகளும் வேண்டும் என்றது. ஓப் உழவர் தாம் மிகுதியாகப் பயிரிட்ட காமே கொடியைக் கைவிட நேர்ந்தது. பெயருக்கு அவர்கள் கொடுத்த விலை அது. 1935-இல் பிறப்பிடப் பெயர்களைக் காக்கத் தேசிய அமைப்பு தோன்றியது. 1936-இல் ஷாம்பேன் அதன் காப்பில் வந்தது. இன்று ஷாம்பேன் தோட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஓப் மாவட்டத்திலேயே உள்ளது.