லாரி தாமதமானால் யாருக்கு நட்டம்?

செம்பனைக் குலைகளை வெட்டிச் சாலையோரம் அடுக்கிவிட்டோம். லாரி வரவில்லை. என்ன ஆகும்? பழத்தில் கொழுப்பமிலம் பெருகும். எண்ணெயின் தரம் இறங்கும். ஆகவேதான், வெட்டிய 24 மணி நேரத்திற்குள் குலைகள் ஆலைக்குப் போய்ச் சேரவேண்டும் என்கிறார்கள்.

தோட்டம், லாரி, ஆலை, துறைமுகம், கப்பல், கடை ஆகிய யாவும் ஒரே சங்கிலியின் வளையங்கள். ஒன்று அறுந்தால் எல்லாம் நிற்கும். 2021 மார்ச் மாதம் சூயெஸ் கால்வாயில் 'எவர் கிவன்' என்னும் கப்பல் குறுக்கே சிக்கி 6 நாட்கள் வழியை அடைத்தது. நூற்றுக்கணக்கான கப்பல்கள் காத்துக் கிடந்தன.

இந்தச் சங்கிலி அறாமல் பார்த்துக்கொள்ளும் கல்விதான் விநியோகச் சங்கிலி நிர்வாகம். "லாரி விடுவதற்கும் ஒரு பட்டமா?" என்று நம்மில் சிலர் கேட்கலாம். லாரி ஓட்டுவது மதிப்பான தொழில்தான்; ஆனால் இப்படிப்பு வேறு.

நமது சில்லறைக் கடையையே பார்ப்போம். நாளைக்கு 2 மூட்டை அரிசி விற்கிறது. சொல்லி அனுப்பினால் 5 நாளில் சரக்கு வரும். அப்படியானால் 10 மூட்டை இருக்கும்போதே சொல்லியனுப்பவேண்டும். லாரி ஒரு நாள் பிந்தலாம் என்று எண்ணினால் 12 மூட்டையிலேயே சொல்லவேண்டும். அதிகம் வாங்கினால் பணம் முடங்கும், வண்டு விழும். மருத்துவமனை மருந்துக்கும் தொழிற்சாலை உதிரிப் பாகத்திற்கும் இதே கணக்குத்தான்.

பல்கலைக்கழகத்தில் கொள்முதல், பண்டகசாலை, போக்குவரத்து, கணக்கியல், புள்ளியியல் முதலியவற்றைக் கற்பிக்கிறார்கள். நிறுவனங்களில் நேரடிப் பயிற்சியும் உண்டு. கெடா, சிந்தோக்கிலுள்ள உத்தாரா மலேசியப் பல்கலைக்கழகத்தில் சரக்குப் போக்குவரத்துத் துறை இருக்கிறது. எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன், டிப்ளோமா ஆகிய வழிகளில் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். எஸ்.பி.எம். முடித்தவர்களுக்குச் சில பாலிடெக்னிக்குகளில் டிப்ளோமா வகுப்புகள் உள்ளன. பி.டி.பி.டி.என். கல்விக் கடனுக்கும் மனுச் செய்யலாம். அது திருப்பிச் செலுத்தவேண்டிய கடன் என்பதை மறவாமல் கணக்குப் பார்த்தே வாங்கவேண்டும்.

ஆண் பிள்ளைக்குத்தான் இது என்று ஒதுக்கவேண்டாம். திட்டமிடவும் கணக்கிடவும் தெரிந்த பெண்ணுக்கும் இங்கே இடமுண்டு. கணிதத்தை மட்டும் இளமையிலேயே கைவிடாமல் பார்த்துக்கொள்வோம்.

வெட்டிய குலை காத்திருக்காது என்பது நமக்குத் தெரியும். விண்ணப்பத் தேதியும் அப்படித்தான், காத்திருக்காது. தேர்வு முடிவு வந்ததும் பிள்ளையை அழைத்துக்கொண்டு பள்ளியின் வழிகாட்டி ஆசிரியரைக் காண்போம்.