ஆங்கிலப் பட்டத்துக்கு என்ன பெறுமதி?
(மாங்கேணிப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூட்டம் தொடங்குமுன் இவ்வூர்க் கமக்காரர் ஒருவர் எம்மைத் தனியே அழைத்து ஒரு வினா விடுத்தார். “மகள் வந்தாறுமூலையில் ஆங்கிலம் படிக்க ஆசைப்படுகிறாள். தாயின் தாலிக்கொடி அடகிலே இருக்கிறது. நான்கு வருடம் படித்து வந்தால் அந்தப் பட்டம் எத்தனை ரூபா பெறும், தம்பி?” என்றார். மேடைப் பேச்சுக்கென்று நாம் எழுதிக் கொண்டுவந்ததை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டோம். கல்வியின் பெருமையைப் பற்றி எவரும் பேசலாம். கணக்குக் கேட்பவருக்குக் கணக்கே சொல்லவேண்டும்.

1945ஆம் ஆண்டில் கன்னங்கராவின் திட்டத்தால் இலவசக் கல்வி வந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணம் இல்லை. ஆனால் கட்டணம் இல்லாதது வேறு, செலவு இல்லாதது வேறு. வாலிபன் ஒருவன் மேசன் வேலைக்குக் கையாளாகப் போய் நாளுக்கு 2,500 ரூபா பெறுகிறான் என்றும், மாதத்தில் இருபது நாள் வேலை கிடைக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். மாதம் 50,000 ரூபா. நான்கு வருடத்தில் 24 இலட்சம். படிக்கப் போகிறவன் இழப்பது இத்தொகை. மகாபொல உதவிப்பணம் 2025இல் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆக உயர்ந்தது. 48 மாதமும் தவறாமல் கிடைத்தாலுங்கூட 3,60,000 ரூபாதான். அது சாப்பாட்டுக்கும் அறை வாடகைக்குமே போய்விடும்.

பட்டம் பெற்று ஆசிரியனாகி 60,000 ரூபா எடுக்கிறான் என்போம். கூலியைவிட மாதம் 10,000 மிச்சம். இழந்த 24 இலட்சத்தை மீட்க 240 மாதம், அதாவது இருபது வருடம் வேண்டும்! மனம் தளராதீர்கள், கணக்கு இன்னும் முடியவில்லை. அந்த வாலிபனின் முதுகு இருபது வருடம் சீமெந்து மூடை சுமக்குமா என்ற கேள்வியை இக்கணக்கிலே நாம் சேர்க்கவேயில்லை.

இப்பொழுது மகளின் கணக்கைப் பாருங்கள். பெண்ணுக்குக் கூலி குறைவென்பது வட்டையில் நாற்றுப் பிடுங்கிய தாய்மார் அனைவரும் அறிந்ததே. நாளுக்கு 1,200 என்றால் மாதம் 24,000. நான்கு வருடத்தில் அவள் இழப்பது 11,52,000 ரூபா. அதே ஆசிரியச் சம்பளம் அவளுக்கும் உண்டு. அரசாங்கச் சம்பளத்தில் ஆண் பெண் பேதம் இல்லை. ஆகவே மாதம் 36,000 மிச்சம். முப்பத்திரண்டே மாதத்தில் இழந்தது திரும்பி வருகிறது. இந்தத் தொகைகள் நாம் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் வீட்டுத் தொகையை வைத்து நீங்களே பெருக்கிப் பாருங்கள். “பொம்பிளைப் பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு படிப்பு?” என்று கேட்பவரே நட்டக் கணக்குப் போடுகிறார்.

“பட்டதாரிகள் வேலையின்றி வீதியிலே நிற்கவில்லையா?” என்று கேட்பீர்கள். நிற்கிறார்கள். 2020இல் அரசாங்கம் பட்டதாரிகளைப் பயிலுநராகச் சேர்த்து மாதம் 20,000 ரூபா கொடுத்தது. அதற்காகக் காத்திருந்த வருடங்களுக்கு எவரும் வட்டி கொடுக்கவில்லை. ஆனால் அந்த வரிசையில் எல்லாப் பட்டமும் ஒன்றல்ல. ஆங்கிலம் கைவந்த பட்டதாரிக்கு அரசாங்கத்தின் கதவு மூடிக்கிடந்தாலும் வேறு கதவுகள் உண்டு. பாசிக்குடா விடுதிகள், வங்கி, தொண்டு நிறுவனம், நீதிமன்ற மொழிபெயர்ப்பு என்று அவன் தட்டலாம். பேசவும் எழுதவும் வராமல் ஆங்கிலப் பட்டத்தை மட்டும் சட்டம் போட்டு மாட்டியவனுக்கு அந்தக் கதவுகளும் திறவா.

எமது தொழிலிலிருந்து ஒன்று சொல்வோம். தமிழ் நீதிமன்ற மொழி என்று அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை கூறுகிறது. மாங்கேணிக் காணி வழக்கு வாழைச்சேனையில் தமிழில் நடக்கும். அதே வழக்கு மேன்முறையீடாகக் கொழும்புக்குப் போனால் வாதமும் தீர்ப்பும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே. தம் காணியைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்பது காணிக்காரருக்கே விளங்காது! சட்டக் கல்லூரிப் பரீட்சையை ஆங்கிலத்தில் மட்டும் நடத்த ஒரு வர்த்தமானி வந்தது. 2023 மார்ச்சில் பாராளுமன்றம் அதனைத் தோற்கடித்தது. நாம் அதனை வரவேற்றோம். தமிழில் சட்டம் படிக்கும் உரிமை வேண்டும். ஆங்கிலத்தில் வாதாடும் வல்லமையும் வேண்டும். சிங்கள மாணவர் ஆங்கிலத்தைக் ‘கடுவ’, அதாவது வாள், என்பர். வாள் எப்போதும் எதிரியின் கையிலேயே இருக்கவேண்டுமென்று எந்தத் தமிழ்ப் பற்றும் கூறவில்லை.

1944இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் பிரேரணை அரசாங்க சபையில் வந்தபோது தமிழையும் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தவர் எமது திருகோணமலை–மட்டக்களப்பு உறுப்பினர் நல்லையா மாஸ்டர். வந்தாறுமூலையில் மத்திய கல்லூரி எழவும் அவரே பாடுபட்டார். அந்த வளவிலேதான் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. தமிழுக்காக வாதாடியவரும் கிராமத்துப் பிள்ளைக்கு உயர்கல்வி தேடியவரும் ஒரே மனிதர்.

ஆனால் அந்தக் கமக்காரரிடம் சொல்லத் தயங்கிய ஒன்று உண்டு. அதை உங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறோம். அவர் மகள் ஆங்கிலத்தைப் பாடமாக எடுக்க முதலில் உயர்தரத்தில் அதற்கான அடித்தளம் வேண்டும். வாகரைப் பக்கத்துப் பாடசாலைகளில் அதனை யார் போடுவது? கஷ்டப் பிரதேசம் என்று நியமனம் பெறும் ஆசிரியர், காலம் முடிந்ததும் பட்டினத்துக்கு மாற்றம் பெற்றுப் போகிறார். இடம் வெறுமையாகவே கிடக்கிறது. மட்டக்களப்பைப் பின்தங்கிய 16 மாவட்டங்களுள் ஒன்றாகக் கணித்துப் பல்கலைக்கழகத்தில் இடம் ஒதுக்குகிறார்கள். ஆறாம் வகுப்பில் ஆங்கிலம் கேளாத பிள்ளைக்கு அந்த ஒதுக்கீட்டால் ஆங்கிலப் பட்டம் கிடைக்குமா? விதைநெல் கொடாமல் அறுவடைக்குச் சாக்குக் கொடுப்பது போன்றதல்லவா இது?

கல்குடா வலயத்துக்கும் மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும் ஒரு மனு எழுதியிருக்கிறோம். எந்தப் பாடசாலையில் எத்தனை மாதமாக ஆங்கில ஆசிரியர் இல்லை என்ற விபரம் மட்டும் அதில் வெறுமையாக உள்ளது. அது உங்களிடமே இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் வாசலில் உள்ள மேசைக்கு வந்து, பிள்ளையின் பாடசாலையையும் வகுப்பையும் கூறிக் கையெழுத்திடுங்கள். அந்தக் கமக்காரர் முதலில் வரட்டும்.